தொட்டியில் வளர்த்தவர்களும் ஆற்றில் பிடுங்கியவர்களும்

சந்தனமடு ஆற்றில் தோணி தள்ளுகிறவர்களுக்கு ஆற்றுவாழை பூக்கிற காலம் பிடிக்காது. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் அது அழகு. ஒரு சாண் உயரத்துக்கு ஊதாக் கொத்து. ஒவ்வொரு பூவிலும் மேல் இதழில் மட்டும் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு, மயிற்பீலியின் கண்ணைப் போல. மயில்கட்டுத் திருவிழா நடக்கும் சித்தாண்டியில் பிறந்தவனுக்கு வேறு எது நினைவுக்கு வரும்? இந்தப் பூவுக்காகத்தான் மனிதர்கள் இந்தச் செடியைத் தென்னமெரிக்காவிலிருந்து எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோய்த் தொட்டிகளில் விட்டார்கள்.

இலங்கைக்கு அது வந்தது 1904, 1905 அளவில், ஹொங்கொங்கிலிருந்து, அழகுச் செடியாக. அப்போது இங்கே தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக். 1903-இல் ஹொங்கொங் ஆளுநர் பதவி முடிந்த கையோடு இங்கே வந்தவர். அவருடைய மனைவி எடித் சீமாட்டிதான் செடியைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. செடிகொடிகளை வரைவதில் கைதேர்ந்தவர் என்பதால் கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிட நான் தயாரில்லை.

ஆனால் பிளேக்கின் பெயரில் ஹொங்கொங்கில் ஓர் அழகு மரமே உண்டு. மந்தாரை வகை, 1908-இல் அந்தப் பெயரைப் பெற்றது. அது விதையே வைக்காது. ஒட்டுக் கட்டியும் பதியம் வைத்தும்தான் பெருக்க வேண்டும். இன்று ஹொங்கொங் கொடியில் இருப்பது அதன் பூதான். மனிதன் கைவைக்காவிட்டால் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் மரம் அது. ஆற்றுவாழைக்கு யாருடைய கையும் தேவையில்லை. பக்கத் தண்டு ஓடும், நுனியில் குட்டி வரும், குட்டி பிரிந்து போகும். நல்ல வெயிலும் உரம் கரைந்த வயல் தண்ணீரும் இருந்தால் இரண்டு கிழமையில் ஒன்று இரண்டாகும். இது போதாதென்று விதையும் உண்டு. சேற்றில் பதினைந்து, இருபது வருடம் கிடந்தும் முளைக்கும்.

அரசு தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செடி வந்து ஐந்து வருடத்துக்குள், 1909-இல், ஆற்றுவாழைக்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. பர்மா 1917-இலும் வங்காளம் 1936-இலும்தான் அந்த இடத்துக்கு வந்தன. அமெரிக்காவில் 1910-இல் லூசியானாக்காரரான புரூசார்ட் என்ற காங்கிரஸ் உறுப்பினர், இதைத் தின்னவும் தின்றபின் இறைச்சியாகவும் உதவும் என்று ஆபிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்க மசோதா கொண்டுவந்தார்! அது நிறைவேறவில்லை. அவரோடு ஒப்பிட்டால் கொழும்பு அதிகாரிகள் புத்திசாலிகள்.

என் குறை வேறு. செடியை யாரும் வைத்திருக்கக் கூடாது, தன் காணியில் கண்டால் காணிக்காரனே அழிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் போக்காக இருந்தது. தொட்டியில் வளர்த்து ரசித்தது பங்களா, இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்குவது வயல்காரன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாரிப்போகத்துக்கு முன், வயல் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை சொன்னால் அவரவர் பங்கு வாய்க்காலை அவரவர் துப்புரவாக்குவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் ஆறு யாருடைய பங்கு? காணிக்கு எல்லைக்கல் உண்டு. மிதந்து வருகிற செடிக்கு அதெல்லாம் தெரியாது.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். கூட்டங்களில் முதலில் ஆற்றுவாழை, சல்வீனியா என்ற இரண்டு மிதக்கும் செடிகளை மேசையில் வைப்பேன். இரண்டையும் சல்வீனியா என்று சொல்பவர்களே அதிகம். ஆற்றுவாழையின் இலைக்காம்பு நடுவில் உப்பியிருக்கும். கத்தியால் பிளந்தால் உள்ளே முழுக்கக் காற்றறைகள். நெருங்கி வளர்ந்த இடத்தில் அந்த உப்பல் மறைந்து காம்பு முழங்கால் உயரத்துக்கு நிமிரும், அதை வேறு இனம் என்று நினைத்துவிடக் கூடாது. சல்வீனியா பன்ன இனம், பூவே கிடையாது. கணுவுக்கு மூன்று இலை. இரண்டு மிதக்கும், மூன்றாவது தண்ணீருக்குள் வேராக நடிக்கும். மிதக்கும் இலையில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டு போகும்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் ஒழிப்பு வேலை குழம்பும். சல்வீனியா 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்குப் படிப்புக்காக வந்து, வெளியே தப்பிய செடி. 1980-இல் குவீன்ஸ்லாந்தின் மூண்டரா ஏரியில் ஒரு சின்ன வண்டை விட்டு அதை அடக்கிக் காட்டினார்கள். 1986-இல் அதே வண்டு இலங்கைக்கு வந்தது. போட்ட ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் பலன் என்று 1989-இல் கணக்குப் பார்த்தார்கள். அந்தச் செய்தி ஊர்வரை வந்தது. "அந்த வண்ட எங்கட ஆத்துலயும் விடுங்களன் ஐயா" என்று ஆற்றுவாழையைக் காட்டிக் கேட்டவர்கள் உண்டு. சல்வீனியா வண்டு ஆற்றுவாழையைத் தொடாது. ஆற்றுவாழைக்கு 1988-இல் வேறொரு வண்டு வந்தது. இலையில் சின்னச் சின்னச் சதுரத் தழும்பு தெரிந்தால் அது மேய்ந்த அடையாளம். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். நின்ற தண்ணீரில் தலைமுறை தலைமுறையாகப் பெருகினால்தான் செடியை மடக்கும். மாரிவெள்ளம் செடியைப் பெயர்த்துக்கொண்டு போகும்போது வண்டும் கூடவே போய்விடும்.

வெள்ளம் கொண்டுபோவது வாவிக்கு. 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியில் ஆற்றுவாழையைக் காசு வாங்காமல் கொல்வது கடல் ஒன்றுதான். முகத்துவாரம் திறந்து உப்புத்தண்ணீர் ஏறினால் இலை ஓரம் கருகி, சில கிழமைகளில் செடி அழுகும். மணல் அடைத்து வாவி நன்னீராக இருக்கும் காலத்தில் நகரத்துப் பாலங்கள் வரை பச்சை விரியும். அப்போதுதான் எல்லோருக்கும் அது கண்ணில் படும், சிரமதானம் நடக்கும், படம் எடுப்பார்கள். இழுத்ததைக் கரையிலேயே குவிப்பார்கள், அடுத்த மழையில் பாதி திரும்ப இறங்கும். நூறு கிலோ செடியில் தொண்ணூற்றைந்து கிலோ தண்ணீர் என்பதால் அதைத் தூரக் கொண்டுபோக யாருக்கும் மனம் வராது. வெள்ளம் ஏறாத மேட்டில் இரண்டு மூன்று நாள் காய விட்டால் சுமை வெகுவாகக் குறையும். பிறகு மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம்.

கீழே எவ்வளவு இழுத்தாலும் நாற்றுமேடை மேலேதான், உப்பு ஏறாத மடுக்களிலும் ஓடைகளிலும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றி, செடி அந்தக் குட்டைகளில் ஒதுங்கிக் கிடக்கும்போது மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்த நேரத்தில் அது ஒரு சில ஆட்களின் வேலை. மாரிக்குப் பின் ஊர் முழுக்க இறங்கினாலும் முடியாது.

முகத்துவாரம் வெட்டுவதா, பொறுப்பதா என்று மாரியில் கூட்டம் கூடினால் வயல்காரரும் மீன்பிடிகாரரும் தொண்டை வறளப் பேசுவார்கள். நான் போன எந்தக் கூட்டத்திலும் மேலே உள்ள மடுக்களைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை. வந்தால் ஒன்று கேட்பேன்: இனி எழுதும் சட்டத்தில் காணிக்காரன் என்ற இடத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்குப் பொறுப்பான ஓர் அதிகாரியின் பதவிப் பெயரையும், ஆவணி மாதத்தையும் எழுதுங்கள்.