பெயர் ஒன்று, தொழில் பல: கெடாப் போர்க்களத்தில் பிரிட்டிஷ் பட்டாலியன்கள், 1941

பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்ட் எந்த வேலையைக் கொடுத்தாலும் தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் என்பது ராணுவ வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் பெருமை. தாள் அளவில் அதில் உண்மை உண்டு. ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டின் பிரதேசப் பட்டாலியன்கள் இரண்டு 1938இல் வேறு படைகளாக உருமாறின: ஐந்தாவது பட்டாலியன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிப் படையாகவும், ஏழாவது 42ஆவது அரச டாங்கி ரெஜிமென்டாகவும் ஆயின. லெஸ்டர்ஷயர் ரெஜிமென்டின் நான்காவது பட்டாலியன் அதற்கும் முன்பே, 1936இல், விமான எதிர்ப்புப் பணிக்குப் போயிருந்தது. இதே இரு ரெஜிமென்டுகளின் நிரந்தரப் பட்டாலியன்கள்தாம் 1941 டிசம்பரில் வடமலாயாவின் கெடா மாநிலத்தில் ஜப்பானியரை எதிர்கொண்டன. டாங்கியும் டாங்கியைத் தடுக்கும் கலையும் பெயரளவில் தங்கள் குடும்பத்திலேயே இருந்தும், அவற்றால் இவர்களுக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்புக்கு ஒரு டாங்கிகூட இருக்கவில்லை. போர்க்காலச் சிறப்புத் திறன் ரெஜிமென்டின் மரபிலிருந்து பிறப்பதில்லை, கிடைக்கும் பயிற்சிக் காலத்திலிருந்தும் கருவியிலிருந்தும் பிறக்கிறது என்பதைக் கெடாவில் நடந்த சண்டைகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஈஸ்ட் சர்ரேயின் இரண்டாவது பட்டாலியன் 1940 வரை ஷாங்காயில் காவல் இருந்தது. லெஸ்டரின் முதல் பட்டாலியன் இந்தியாவிலிருந்து வந்தது. இரண்டும் தளபதி மர்ரே-லயனின் 11ஆவது இந்திய டிவிஷனில், பஞ்சாபியர், ஜாட்டுகள், கூர்க்காக்கள் ஆகியோரின் பட்டாலியன்களோடு சேர்க்கப்பட்டன. ஒரே சமயத்தில் இரு வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. தாய்லாந்து எல்லையைக் கடந்து அங்குள்ள சிங்கோராத் துறைமுகத்தைப் பிடிக்கும் ‘மாட்டடோர்’ திட்டத்துக்காகத் தாக்குதலுக்கு ஆயத்தமாக நிற்க வேண்டும். அதே ஆட்கள் கெடாவின் வடக்கே ஜித்ராவில் தற்காப்பு அரணையும் வெட்ட வேண்டும். டிசம்பர் 8 பிற்பகலில் தாக்குதல் கைவிடப்பட்டு, தற்காக்கும்படி ஆணை வந்தபோது, 20 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அந்த அரண் அரைகுறையாகவே இருந்தது. பருவமழையில் பதுங்குகுழிகள் நிரம்பின, தொலைபேசிக் கம்பிகள் நீரில் கிடந்தன. 11ஆம் தேதி அரணுக்கு வடக்கே ஆசுன் அருகே ஜப்பானிய டாங்கிகள் சாலைவழியே உருண்டு வந்து 1/14 பஞ்சாப் பட்டாலியனைச் சிதறடித்தன. மறுநாள் இரவே ஜித்ரா கைவிடப்பட்டது. அரணை உடைத்தது சில நூறு பேர் கொண்ட முன்னணிப் படை என்பதுதான் இன்றும் உறுத்தும் செய்தி.

அடுத்த அரண் குரூண். ஒருபுறம் ஜெராய் மலை, மறுபுறம் காடு, இடையே சாலையும் ரயில்பாதையும். வடமலாயாவின் மிகச் சிறந்த இயற்கை அரண் என்று மலாயாப் படைகளின் தலைமைத் தளபதி பெர்சிவல் மதித்த இடம் அது. ஆனால் அங்கே முன்கூட்டி ஏதும் கட்டப்படவில்லை, வந்து சேர்ந்தவர்களோ பல நாள் தூங்காதவர்கள். 15ஆம் தேதி விடியலில் சாலையோரமாக ஊடுருவிய ஜப்பானியர் ஈஸ்ட் சர்ரேயின் தலைமையகத்தையும் அது சார்ந்த ஆறாவது பிரிகேடின் தலைமையகத்தையும் நொறுக்கினர். சுற்றியிருந்த பால்மரத் (ரப்பர்) தோட்டம் நேர்நிரைகளாக நடப்பட்டது, ஆனாலும் கண்ணுக்கு எட்டும் தூரம் குறைவு. செம்மண் பாதைகள் ஜப்பானியரின் சைக்கிளுக்குத் தோது. விமானத்திலிருந்து மறைவு. இந்த நிலம் யாருக்கு உதவும் என்பதைப் பயிற்சிதான் தீர்மானித்தது.

அதற்குச் சான்று தெற்குக் கெடாவிலேயே இருக்கிறது. 1939 முதல் சிங்கப்பூரில் இருந்த ஆர்கைல் ஹைலாண்டர்களின் இரண்டாவது பட்டாலியனை லெப்டினன்ட் கர்னல் இயன் ஸ்டூவர்ட் காட்டிலும் தோட்டத்திலும் விடாமல் பழக்கியிருந்தார். சக அதிகாரிகள் சிலர் அவரைக் கிறுக்கர் என்றே நினைத்தனர். டிசம்பர் 17இல் திட்டி கராங்கானில், மூடா ஆற்றைக் கடந்து பின்வாங்கிய டிவிஷனின் பக்கவாட்டை வெட்ட வந்த எதிரியை இந்தப் பட்டாலியன் தடுத்துத் தாமதப்படுத்தியது. அதே மாநிலம், அதே மழை, அதே வகைத் துப்பாக்கி. வேறுபட்டது பயிற்சிக்குக் கிடைத்த காலமும் அதை வீணாக்காத ஒரு தலைவரும். அதேசமயம் ஒரு துறையில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யவில்லை: 1942 ஜனவரி 7இல் சிலிம் ஆற்றருகே டாங்கிகளே இந்தக் காட்டுத் தேர்ச்சியாளர்களையும் அழித்தன.

கெடாவில் குலைந்த சர்ரே, லெஸ்டர் பட்டாலியன்களை டிசம்பர் 20இல் ஈப்போவில் ஒன்றாக்கி, ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ என்று பெயரிட்டு லெப்டினன்ட் கர்னல் மாரிசனின் தலைமையில் விட்டனர். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் அது நிலைத்து நின்றதை ரெஜிமென்ட் உணர்வின் வெற்றி என்பார்கள். இரு பட்டாலியனினரும் ஒரே கவாத்தில் வளர்ந்த நிரந்தரச் சிப்பாய்கள் என்பதால் இணைப்பு எளிதானது, அதை மறுக்க வேண்டாம். ஆனால் கம்பாரில் அரண் வெட்ட நாள் கிடைத்தது. ஈயச் சுரங்க வெளியில் பீரங்கிக்குப் பார்வை கிடைத்தது. ஜித்ராவில் கிடைக்காதவை இவை. மலையில் எதிரியிடம் போன பகுதிகளைத் துப்பாக்கி முனைக் கத்தியோடு மீட்டவர்களும் 1/8 பஞ்சாபின் சீக்கியக் கம்பெனியினர். அந்த ஒரு பட்டாலியனுக்கு மட்டும் மாலை சூட்டினால் கணக்குத் தப்பும். லெஸ்டரின் இரண்டாவது பட்டாலியன் 1944இல் எதிரியின் பின்புறத்தில் போரிடும் சிண்டிட் படையாக லேடோவிலிருந்து பர்மாவுக்குள் நடந்தபோது, இந்தியாவில் அதற்கென நீண்ட பயிற்சி பெற்றிருந்தது. பெயர் ஒன்றுதான். முதல் பட்டாலியனுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை.

பிரிட்டிஷ் பட்டாலியன் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் சரணடைந்தது. சரணடைந்த படையினரில் பல்லாயிரவர் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களும் அதே பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை மாண்ட கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம். படையின் கடைசி வேலை மண் சுமப்பது என்று ரெஜிமென்ட் வரலாறு எழுதுமானால், பக்கத்தில் மண் சுமந்த பால்மரத் தொழிலாளியையும் அதே அத்தியாயத்தில் எழுத வேண்டும். பின்னிணைப்பில் அல்ல.