வட்டாரம் என்றொரு முகவரி

புங்குடுதீவாரிடம் "எந்த இடம்?" என்று கேட்டால் ஊர்ப்பெயரோடு ஓர் எண்ணும் சேர்ந்து வரும்: "புங்குடுதீவு 5ஆம் வட்டாரம்." வெளிநாட்டில் காலமானவரின் மரண அறிவித்தலிலும் அந்த எண் இருக்கும். உள்ளூராட்சி படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவகத்துக்குச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க். அவை வரைபடத்தோடு நின்றுவிட்டன. சனத்தின் வாயில் ஏறவில்லை. ஆனால் கிராமசபைக் காலத்து 12 வட்டாரங்கள் ஏறிவிட்டன. காரணம் எளிது. வட்டாரத்துக்கு ஓர் அங்கத்தவர்; ஒழுங்கை, கிணறு என்று எதுவானாலும் யார் வீட்டுப் படலையைத் தட்டுவது என்று தெரியும்.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன, கிராமசபைகள் போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. புங்குடுதீவு வேலணைப் பிரதேச சபைக்குள் அடங்கியது. முடிவெடுக்கும் மேசை பாலத்துக்கு அப்பால் போனது. 1991 இடப்பெயர்வில் சனமும் போனது.

இன்று வட்டார எண் உலகமெங்கும் இருக்கிறது. வாக்கு ஊரில் இருப்பவர்களிடம் மட்டுமே இருக்கிறது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டுக் காசு வரும். குப்பை அள்ளவும் ஒழுங்கை திருத்தவும் சபையில் எழுந்து கேட்க ஆள் வேண்டும். பூட்டிய வீடுகள் வாக்களிப்பதில்லை.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: எங்கள் வட்டாரத்தின் பிரதேச சபை உறுப்பினர் யார்? பிள்ளைக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. எங்களுக்குத் தெரியுமா?