சோலார் பேனலுக்கும் வயதாகும்: கடற்கரை வீடுகளின் கவனத்திற்கு

கோவளம் முதல் மாமல்லபுரம், புதுப்பட்டினம் வரை மொட்டை மாடிகளில் சோலார் பேனல்கள் பெருகி வருகின்றன. 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதியைப் பல வீடுகளில் வளைகுடாவில் சேர்த்த பணத்திலிருந்து போடுகிறோம். "25 வருட வாரண்டி" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் போடுகிறோம்.

அதில் இரண்டு வாரண்டிகள் இருக்கின்றன. பேனல் பழுதானால் மாற்றித் தருவதற்கான காலம் பெரும்பாலும் 10, 12 ஆண்டுகள்தான். 25 ஆண்டு என்பது உற்பத்தித் திறனுக்கு. அதுவும் கடைசியில் ஏறக்குறைய 80 சதவீதம் இருக்கும் என்ற உறுதி மட்டுமே.

ஆண்டுக்கு அரை சதவீதம் குறைந்தால் 25 ஆண்டு முடிவில் 88 சதவீதம் மிஞ்சும். ஒன்றரை சதவீதம் குறைந்தாலோ 68தான். சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 1982-இல் வைத்த பேனல்கள் 35 ஆண்டுக்குப் பிறகும் மின்சாரம் தந்தன. ஆனால் அது குளிர்ந்த ஊர். மும்பை ஐஐடியும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013 முதல் நாடு முழுக்க நடத்திய ஆய்வுகளில், வெப்பப் பகுதிகளில் தேய்மானம் அதிகம் என்றும், பெரிய மின் நிலையங்களைவிட மாடிகளில் உள்ள சிறிய அமைப்புகளின் நிலை மோசம் என்றும் தெரிந்தது. மலிவுப் பேனலும் அவசர வேலையும் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன.

வெயிலில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலம் மஞ்சளாகிறது. பின்புறத் தாள் வெடிக்கிறது. அந்த வழியே ஈரமும் உப்பும் புகுந்து உலோகக் கம்பிகளை அரிக்கின்றன. எனவே கடலுக்கு அருகில் இருப்பவர்கள், ஐஇசி 61701 என்னும் உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய பேனலா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். தாங்கும் சட்டமும் போல்ட்டும் துருப்பிடிக்காதவையா என்பதையும் பார்க்க வேண்டும்.

குறைவதெல்லாம் முதுமை அல்ல. மே மாத நண்பகலில் பேனல் சூடேறி உற்பத்தி குறையும். சூடு தணிந்தால் திரும்பிவிடும். தூசி, காக்கை எச்சமும் அப்படியே, கழுவினால் சரியாகும். ஆனால் நம் பகுதியின் உப்புப் போர் தண்ணீரால் கழுவினால் வெள்ளைப் படலம் படியும். நல்ல தண்ணீரில், வெயில் ஏறும் முன் மென்மையான துணியால் துடைப்பதே சரி.

இன்வெர்ட்டர் காட்டும் மாத உற்பத்தியை முதல் ஆண்டிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏப்ரலை அடுத்த ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். நவம்பர் மழையோடு அல்ல. வாரண்டி கேட்கப் போகும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும். பேனலின் வரிசை எண்ணையும் பொருத்தும் நாளிலேயே படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டு, உப்புக்காற்றில் பேனலுக்கு முன்பே மங்கிவிடலாம்.