ஐரீனுக்கு மட்டும் ஏன் இந்த முடிவு?

ஹீரோயினுக்குப் பின்னாடி வரிசையா ஆடுற குரூப் டான்ஸர்ஸைக் கவனிச்சிருக்கீங்களா? அவங்களையே ஹீரோயின்களாக்கி, 1925-ல் எம்.ஜி.எம் எடுத்த மௌனப்படம்தான் 'சாலி, ஐரீன் அண்ட் மேரி'. இயக்கம் எட்மண்ட் கோல்டிங்.

மூவரும் நியூயார்க் மேடை டான்ஸர்கள். சாலி, பணக்காரர் ஒருவரின் தயவில் சொகுசாக வாழ்கிறாள். அவர் கண் மேரி மீதும் விழ, அவளோ தன்னைக் காதலிக்கும் பிளம்பர் ஜிம்மியிடமே திரும்புகிறாள்.

மனசைப் பிசையுறது ஐரீன்தான். ஆசைகாட்டிய பிளேபாயை நம்பி ஏமாந்தவள், தன்னை உண்மையாக நேசித்தவனை மணக்கிறாள். ஆனால், அவர்கள் போகும் கார்மீது ரயில் மோதிவிடுகிறது. ஏமாந்ததுக்கு மரண தண்டனையா? ரொம்ப ஓவர்!

ஐரீனாக நடித்த ஜோன் கிராஃபோர்ட், நிஜத்திலும் கோரஸ் டான்ஸராக இருந்தவர். சொந்தப் பெயர் லூசில் லெசூர். புதுப் பெயர் பத்திரிகை வாசகர் போட்டியில் கிடைத்தது. அது அவருக்கே பிடிக்கலைங்கிறது தனிக்கதை. படம் சாகடித்த அந்த டான்ஸர்தான், பின்னாளில் 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார். அதுவும் விழாவுக்கே போகாமல், வீட்டுக் கட்டிலில் இருந்தபடி!