மெட்டுக்கு முன்னே ஒப்பந்தம்

கைதட்டல் கலைஞனை வாழ்த்தும். அடுப்பெரிய ராயல்டிதான் வேண்டும். மலாய்த் திரையிசையின் மன்னர் பி.ரம்லி 1973இல் கோலாலம்பூரில் வறுமையோடுதான் மறைந்தார். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி. அமைப்பு 1989இல்தான் பிறந்தது.

அதற்கு முன், 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, புதிய காப்புரிமைச் சட்டம் 1987 டிசம்பர் முதல் தேதி அமலுக்கு வந்தது. மெட்டமைத்தவருக்கே முதல் உரிமை. அவர் வாழ்நாள் முழுதும், மறைவுக்குப் பின் 50 ஆண்டும் அது நீடிக்கும்.

ஆனால், 26ஆவது பிரிவில் ஒரு முடிச்சு உண்டு. பணம் கொடுத்து இசையமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை சொன்னவருக்கே போய்ச் சேரும். பிரிக்பீல்ட்ஸில் ஆல்பத்துக்கு மெட்டுப் போடும் தம்பியும், கிள்ளானில் குறும்படத்துக்கு இசையமைக்கும் தங்கையும் 'நம்ம அண்ணன்தானே' என்று வாய்ப்பேச்சோடு நின்றால், பாட்டு கைமாறிவிடும்.

இந்தியாவிலும் இதே கதைதான். ஒப்பந்தம் வேறாக இல்லாவிட்டால் திரையிசையின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. திரையரங்குக்கு வெளியே ஒலிக்கும் பாட்டின் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சம பங்கு கிடைக்க 2012இல் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது.

அங்கே 35 ஆண்டு காத்திருந்தார்கள். இங்கே, மெட்டுப் போடுமுன் இருவரும் கையெழுத்திடும் ஒரு பக்கத் தாள் போதும்.