டுரியான் துங்காலுக்கு வந்த பையன்

சின்ன வயசில் நாருத்தோ பார்க்காதவர்கள் என் வகுப்பில் யாருமில்லை. தமிழ்ப்பள்ளி விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அதில் எனக்குப் பிடித்த பகுதி சண்டை இல்லை. சுனாடே என்கிற பெரிய வைத்தியக்கார நிஞ்சாவைத் தேடிக்கொண்டு நாருத்தோவும் ஜிராயாவும் தன்சாக்கு என்ற ஊருக்குப் போவார்கள். கோட்டை, சூதாட்டக் கூடங்கள், குடிக்கிற கடைகள், ராத்திரியிலும் அணையாத விளக்குகள். சுனாடே ஊர் ஊராகச் சூதாடித் தோற்பவள், ஊரெல்லாம் கடன் வைத்திருப்பவள். தோற்றால் கவலைப்பட மாட்டாள். ஜெயித்துவிட்டால்தான் அவள் முகம் மாறும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று.

இது எங்கள் சித்தப்பாவுக்கும் பொருந்தும். நான் ஐந்தாம் படிவம் படித்த வருஷம் அவருக்கு நாலு நம்பரில் இரண்டாம் பரிசு விழுந்தது. ஐந்து வெள்ளி வைத்தது ஐயாயிரமாக வந்தது. கோயிலுக்குப் பெரிய பூசை, எங்களுக்கெல்லாம் புதுச்சட்டை. அதற்கு அடுத்த வருஷம் அவர் ஒரு குலுக்கலுக்கு இருபது, முப்பது என்று வைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் அடுத்த வருஷம் ஆலோங் ஆள்கள் வந்து எங்கள் வீட்டு இரும்புக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். பாட்டி தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "அவன் புத்தி அப்படி" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். பத்து வருஷமாக எங்கள் வீட்டில் அந்த வரிதான் ஓடுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன்.

நிஜத்தில் தன்சாக்கு மாதிரி ஊர் எது என்று கேட்டால் மக்காவ், லாஸ் வேகாஸ் என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் கெந்திங் மலை ஞாபகத்துக்கு வரும். அவ்வளவு ஏறவேண்டியதில்லை. அலோர் காஜாவிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிற கோலாலம்பூரே அப்படி வளர்ந்த ஊர்தான். அதை வளர்த்த மனிதர் இந்த நாட்டில் முதலில் மண் வெட்டிய இடம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிற டுரியான் துங்கால்.

நான் படித்தது டுரியான் துங்காலில் இருக்கிற மலேசிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். நான்கு வருஷம் அந்த நீர்த்தேக்கத்தைத் தாண்டி மோட்டாரில் போய்வந்திருக்கிறேன். அங்கே ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம் இருந்தது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலைக்குப் போன பிறகுதான் யாப் ஆ லோயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். எஸ். எம். மிடில்புரூக் எழுதத் தொடங்கி ஜே. எம். கல்லிக் முடித்து 1951-இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்திலேயே எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

1854-இல், பதினேழு வயசில், யாப் ஆ லோய் மலாக்காவில் கப்பல் இறங்கினார். குவாங்டோங்கின் ஹக்கா ஏழைக் குடும்பம். டுரியான் துங்கால் சுரங்கத்தில் சில மாதங்கள். பிறகு கெசாங்கில் சொந்தக்காரர் ஒருவரின் கடையில் கொஞ்ச காலம். பையன் தேறமாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தச் சொந்தக்காரர் கையில் காசைக் கொடுத்துச் சீனாவுக்கே திரும்பிப் போகச் சொல்லிச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார். சிங்கப்பூரில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் பையன் அந்தக் காசு முழுவதையும் சூதாட்டத்தில் தொலைத்தான்.

அவன் அன்று ஜெயித்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பான். தோற்றதால் இங்கேயே தங்கினான். 1856-இல் லுக்குட்டுக்கு வந்து சுரங்கத்தில் சமையல்காரர் ஆனார். பிறகு பன்றி வியாபாரம். பிறகு சுங்கை ஊஜோங்கில் அங்குள்ள சீனக் கப்பித்தானுக்குச் சண்டைத் தலைவர். 1861-இல் அவரே அங்கே கப்பித்தான். அடுத்த வருஷம் கோலாலம்பூருக்கு வந்து, 1868-இல் அந்த ஊரின் கப்பித்தான். ஹாய் சான் என்ற இரகசியச் சங்கத்தின் தலைமையும் அவரிடமே இருந்தது. நீதி சொல்பவர், வரி வசூலிப்பவர், சிறை வைத்திருப்பவர், சூதாட்டக் கொட்டகைகளின் சொந்தக்காரர் எல்லாம் ஒரே ஆள். இன்றைக்கு மேடான் பாசார் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற சதுக்கத்தில்தான் அவருடைய வீடும் சந்தையும் சூதாட்டக் கொட்டகைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இதில் ரௌடி ஒருவன் ஊரைப் பிடித்துக்கொண்டான் என்கிற சினிமாக் கதையைப் பார்க்கக்கூடாது. நானும் முதலில் அப்படித்தான் படித்தேன், தப்பு. சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் 1872-இல் கோலாலம்பூர் எதிரிகளிடம் விழுந்தது. அடுத்த வருஷம் மீட்டபோது ஊர் சாம்பல், குழிகளெல்லாம் தண்ணீர், கூலிகள் ஓடிப்போயிருந்தார்கள். யாப் ஆ லோய் கடன்மேல் கடன் வாங்கி ஆள்களைத் திரும்பக் கொண்டுவந்தார். ஈய விலை படுத்துக்கிடந்த வருஷங்களிலும் அரிசியும் கஞ்சியும் கொடுத்துச் சுரங்கங்களை நடத்தினார். 1879-இல் விலை ஏறியது, தப்பித்தார். அது வியாபாரமா சூதாட்டமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்பதுதான் முக்கியம். இன்ஜினியர் என்பதால் எனக்குப் பம்ப் உதாரணம்தான் வருகிறது. சீனாவிலிருந்து கப்பல் கூலி கடனாகவே ஒருவன் வருகிறான். சுரங்கத்தில் அவனுக்கு மாசச் சம்பளம் கையில் வராது. கணக்குத் தீர்ப்பது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான். நடுவில் அரிசி, எண்ணெய், அபின் எல்லாம் தவுக்கேயின் கடையில் கடனுக்கு, தவுக்கே போட்ட விலைக்கு. கணக்குத் தீர்த்துக் கையில் மிஞ்சுகிற காசுக்குச் சதுக்கத்தில் சூதாட்டக் கொட்டகை காத்திருக்கிறது. கொட்டகையும் தவுக்கேயுடையது. தண்ணீர் மேலே போய்க் கீழே இறங்கி அதே தொட்டிக்கு வந்து சேர்கிறது. திரும்பவும் மேலே ஏற்ற ஆள் அங்கேயே இருக்கிறான், ஏனென்றால் ஊருக்குப் போகக் காசில்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் அந்தப் பையன் மாட்டிக்கொண்ட அதே வலைதான். பிறகு அந்த வலையின் கயிறு அவர் கைக்கு வந்தது.

வெள்ளைக்காரன் வந்து இதை நிறுத்தினான் என்று பள்ளிப் புத்தகம் நம்மை நம்பவைக்கிறது. 1880-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறினார். சூதாட்டம் நிற்கவில்லை. குத்தகை முறை தொடர்ந்தது. அபின், சாராயம், சூதாட்டம், அடகு ஒவ்வொன்றுக்கும் அரசு ஏலம் விடும். அதிகம் கேட்டவருக்குச் சில வருஷங்களுக்கு ஏகபோக உரிமை. அவர் மாசாமாசம் அரசுக்குப் பணம் கட்டவேண்டும், மீதி அவருக்கு. வேறு யாராவது திருட்டுத்தனமாக அபின் விற்றாலோ சூதாட்டம் நடத்தினாலோ பிடிப்பதற்குக் குத்தகைக்காரர் சொந்த ஆள்களை வைத்துக்கொள்வார். அதனால் பின்னால் ஆள்பலம் உள்ளவர்தான் குத்தகை எடுக்கமுடியும். ஆள்பலம் யாரிடம்? சங்கங்களிடம். அரசாங்கம் ஒரு கையால் குத்தகைப் பணத்தை வாங்கிக்கொண்டு, 1889-இல் நீரிணைக் குடியேற்றங்களில் சங்கங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இன்னொரு கையால் எழுதியது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை ஒழிந்தது 1912-இன் முடிவில்தான். யாப் ஆ லோய் 1885-லேயே இறந்துவிட்டார்.

சரி, இது சீனர் கதைதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். 1873-இல், அதாவது சாம்பலாகக் கிடந்த அந்த ஊர் மீட்கப்பட்ட அதே வருஷம், தம்புசாமிப் பிள்ளை தொடங்கியதுதான் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில். அது இன்றிருக்கிற தெருவுக்கு மாறியது 1885-இல். அங்கிருந்து சில நிமிஷம் நடந்தால் யாப் ஆ லோய் கட்டிய சின் சே சி யா கோயில். அங்கே அவருடைய உருவமும் சாமியாக இருக்கிறது. தம்புசாமிப் பிள்ளை அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்தவர். பிறகு, பெரிய குத்தகைக்காரரான லோக் இயூவுடன் கூட்டாக ரவாங்கில் ஈயம் எடுத்தவர். இரண்டு சமூகமும் ஒரே தெருவில்தான் பிழைத்தன.

பினாங்கு இதற்கும் முந்தியது. 1867 ஆகஸ்டில் கீ ஹின் சங்கத்துக்கும் தோ பே கோங் சங்கத்துக்கும் ஜார்ஜ் டவுனில் நாள்கணக்கில் கலவரம் நடந்தது. கீ ஹின் பக்கம் வெள்ளைக் கொடி, எதிர்ப்பக்கம் சிவப்புக் கொடி. அந்தக் கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் நம் தமிழ் முஸ்லிம்களும். சங்கத்தில் நம்மாள் சேர்வது தோட்டம் உடைந்த பிறகு வந்த வியாதி என்று மேடையில் பேசுபவர்களுக்கு இந்த வருஷத்தை நினைவுபடுத்தவேண்டும்.

தோட்டத்தில் சுரங்கத்தின் வேலையைச் செய்தது கள்ளுக்கடை. கங்காணியிடம் பட்ட கடனோடு வந்தவன், சம்பளத்தன்று லயத்துக்குப் பக்கத்திலேயே உரிமம் வாங்கித் திறந்த கடை. அந்தக் காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தோட்டத்து ஆள்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1941-இல் ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளானில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சம்பளத்தோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போர் முடிந்து 1947-இல் கடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக இறங்கியபோது போலீசுடன் மோதல். கூலிக்காரன் குடிக்காமல் இருப்பது அவ்வளவு பெரிய பொது ஒழுங்குப் பிரச்சினை!

எங்கள் தாத்தா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் கள்ளுக்கடையைப் பற்றிக் கேட்டால் ஒன்றுதான் சொல்வார்: "கிராணி எண்ணிக் குடுத்த காச கள்ளுக்கடைக்காரன் எண்ணி வாங்குவான்யா. நாம நடுவுல தூக்கிட்டுப் போனோம், அவ்ளோதான்."

36 என்ற எண் என்னை விடாமல் துரத்துகிறது. பழைய சீனச் சங்கங்களில் சேருபவன் எடுக்கும் சத்தியங்கள் 36. ஹுவா ஹுவே என்கிற பழைய சீட்டுச் சூதாட்டத்தில் 36 மிருகங்கள். ராத்திரி கனவில் என்ன வந்ததோ அதற்குரிய மிருகத்தின்மேல் காசு கட்டவேண்டும். கனவுக்கு எண் பார்க்கிற பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. எங்கள் பாட்டி கனவில் பாம்பு வந்தால் முதலில் எழுப்புவது சித்தப்பாவைத்தான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது அதிலும் 36 இருந்தது, 04-உம் 08-உம் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பான்மை இந்தியர்கள் என்றது அமைச்சு. சீன இரகசியச் சங்க மரபில் வந்த எண்களை நம் பையன்கள் கழுத்தில் பச்சை குத்திக்கொண்டு திரிகிறார்கள். என்னோடு படித்தவன் ஒருவன் கழுத்திலும் இருந்தது. தன் எண் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. கேட்டதற்கு, "பெரிய ஆளுங்க வெச்சது மச்சான்" என்றான்.

1969-இல் மேக்னம் நிறுவனத்துக்கு நாலு நம்பர் நடத்த உரிமம் கிடைத்தது. 1971-இல் கெந்திங்கில் காசினோ திறந்தது. சட்டப்படியானது, வரி கட்டுவது, கத்திக்குத்து இல்லாதது. ஒரு ராத்திரி சித்தப்பா முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மொத்தம் பத்தாயிரம் எண்கள். பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு பத்து எண்ணுக்கு 180, பத்து எண்ணுக்கு 60. எல்லாம் கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்ணையும் ஒரு வெள்ளி வீதம் ஒருவனே வாங்கினாலும் 6,400தான் திரும்ப வரும். ஒரு வெள்ளிக்கு அறுபத்துநாலு காசு. "இது உங்க புத்தி இல்ல சித்தப்பா, டிசைனே அப்படி" என்றேன். ஆலோங்கிடம் போவதும் அந்த டிசைனுக்குள்தான், வங்கி கொடுக்காது என்பதால்.

அவர் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்பா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சித்தப்பா, "அந்தச் சீனப் பையன் கதை சொன்னியே, டுரியான் துங்கால் பையன். எந்த வருஷம் வந்தான்னு சொன்ன?" என்று கேட்டார்.

"1854."

கணக்குப் போட்ட தாளின் ஓரத்தைக் கிழித்து ஒன்று, எட்டு, ஐந்து, நாலு என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை குலுக்கல். நானும் போனைத் திறந்து முடிவு பார்த்தேன். வரவில்லை.