ஆண்டவர் பிறந்த நாளும் இடமும்



திருவருகைக் காலம் தொடங்கி, குடில் கட்ட மூங்கிலும் வைக்கோலும் தேடுகிற அதே வாரத்தில், ஒரு கேள்வியும் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. டிசம்பர் 25 என்று விவிலியத்தில் எங்கே எழுதியிருக்கிறது? அது சூரியனை வணங்கியவர்களின் திருநாள் அல்லவா? கைப்பிரதியாகவும் இக்கேள்வி வரும்; வாசலில் வந்து நிற்பவரின் வாயிலிருந்தும் வரும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அதைக் கேட்டுவந்து பெற்றோரிடம் கேட்கிறார்கள். பதில் தெரியாத பெற்றோர் கோபித்துக் கொள்கிறார்கள். கோபம் பதில் ஆகாது. பிள்ளையின் மனத்தில் ஐயம் அப்படியே தங்கிவிடுகிறது. பொன்விழா மலர் என்பது வீட்டுப் பெட்டியில் பல்லாண்டு இருக்கும் நூல். ஆகவே, ஆண்டவர் பிறந்த நாளையும் இடத்தையும் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைப்பது நலம் என எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் ஊர்ப் பக்கத்து முதியோரிடம் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். "பெரிய புயல் அடித்த வருஷம், கதிர் அறுப்புக்கு முன்னே" என்பார்கள். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் தம் யோசனைப்படி எழுதிய தேதிதான் பலருடைய சான்றிதழில் இருக்கிறது. அந்தத் தேதி தவறாயிருக்கலாம். அதற்காக அந்தப் பாட்டி பிறக்கவே இல்லை என்று யாராவது சொல்வார்களா? பழங்காலத்து மக்கள் எல்லாருமே இப்படித்தான் காலத்தைக் கணித்தார்கள்: எந்த அரசன் ஆண்டான், என்ன நடந்தது என்று. நற்செய்தியாளர்களும் அப்படியே எழுதினார்கள்.

பிறந்த ஆண்டு

ஏரோது அரசன் ஆண்ட காலத்தில் இயேசு பிறந்தார் என்பதில் மத்தேயுவும் லூக்காவும் ஒன்றுபடுகிறார்கள். அந்த ஏரோதின் வாழ்வையும் சாவையும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அவன் சாவதற்குச் சற்று முன் சந்திர கிரகணம் ஒன்று நேர்ந்ததாகவும் குறிப்பிடுகிறார். இவற்றைக் கொண்டு கணக்கிடும் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏரோது இறந்தது கி.மு. 4-ஆம் ஆண்டு என்கிறார்கள். அப்படியானால் நம் ஆண்டவர் பிறந்தது அதற்கு முன், ஏறத்தாழ கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் என்றாகிறது.

கிறிஸ்து பிறப்பதற்கு முன் கிறிஸ்து எப்படிப் பிறந்தார் என்று நீங்கள் நகைக்கலாம். இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர் தியோனீசியுஸ் என்ற துறவி. சித்தியா நாட்டில் பிறந்து உரோமையில் வாழ்ந்த இவர், தம்மை 'சிறியவர்' என்று அழைத்துக் கொண்டவர். கி.பி. 525-இல் பாஸ்கா விழா நாட்களுக்கான அட்டவணையைத் தயாரித்தார். அதுவரை அந்த அட்டவணைகளில் தியோக்கிளேசியன் என்ற பேரரசன் அரியணை ஏறியதிலிருந்து ஆண்டுகள் எண்ணப்பட்டு வந்தன. அவனோ கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவன். ஒரு கொடுங்கோலனின் பெயரால் ஆண்டுகளை எண்ண மனமில்லாமல், மனுவுருவான ஆண்டவரிலிருந்தே தியோனீசியுஸ் எண்ணத் தொடங்கினார். உரோமை நகர் நிறுவப்பட்ட 754-ஆம் ஆண்டு அவர் கணக்கில் கி.பி. 1 ஆயிற்று. சில ஆண்டுகள் அந்தக் கணக்கு பிசகிவிட்டது. ஆனால் அதன் நோக்கம் பிசகவில்லை. இன்று கிறிஸ்துவை அறியாத நாடுகளும் அலுவலகக் கடிதத்தில் தேதியிடும்போது அவர் பிறப்பிலிருந்துதான் எண்ணுகின்றன.

லூக்கா நற்செய்தியில் ஒரு சிக்கல் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குரேனியு சிரியாவின் ஆளுநராய் இருந்தபோது மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டதாக லூக்கா எழுதுகிறார். யோசேபுஸ் குறிப்பிடும் குரேனியுவின் கணக்கெடுப்போ கி.பி. 6-இல், அதாவது ஏரோது இறந்து ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. இதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். எல்லாரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் எதுவுமில்லை. ஆயினும் லூக்கா உணர்த்த வந்த உண்மை அதனால் மங்கிவிடவில்லை. அகுஸ்து பேரரசன் வரி தண்டுவதற்காகத் தலைகளை எண்ணினான். அந்த ஏழைத் தலைகளுள் ஒன்றாக இறைமகன் தம்மையும் எண்ண விட்டார்.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் பாடப்படும் பிறப்பு அறிவிப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது உரோமை நகர் நிறுவப்பட்ட 752-ஆம் ஆண்டு என்றும், அகுஸ்துவின் ஆட்சியில் 42-ஆம் ஆண்டு என்றும் கூறுகிறது. தியோனீசியுஸ் 754 என்றார். அறிவிப்போ 752 என்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்பது திருச்சபைக்குத் தெரியாததல்ல. ஆண்டின் எண்ணை அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடு ஆக்கவில்லை. நம் மீட்பர் கதையில் பிறந்தவரல்லர், மனிதரின் காலத்துக்குள் பிறந்தவர் என்பதே கோட்பாடு. அதனால்தான் விசுவாசப் பிரமாணத்திலும் போஞ்சு பிலாத்து என்ற ஓர் அதிகாரியின் பெயரை நாம் ஞாயிறுதோறும் உச்சரிக்கிறோம்.

பிறந்த நாள்

நற்செய்திகளில் மாதமும் தேதியும் இல்லை. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் திருச்சபை பாஸ்காவைக் கொண்டாடியது. மறைசாட்சிகள் இரத்தம் சிந்திய நாட்களை நினைவுகூர்ந்தது. பிறந்த நாளைப் பெரிதாக எண்ணவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய அலெக்சாந்திரியா நகர் கிளமெண்ட், ஆண்டவர் பிறந்த தேதியைக் கணிக்கச் சிலர் முயல்வதைக் குறிப்பிடுகிறார். ஒரு சாரார் மே 20 என்றார்களாம். வேறு சிலர் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாள் என்றார்களாம். பின்னர் வந்த ஓரிஜன், விவிலியத்தில் பிறந்த நாள் விருந்து வைத்தவர்கள் பார்வோன், ஏரோது போன்ற பாவிகளே என்று கடிந்தும் பேசினார்!

டிசம்பர் 25 என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள தெளிவான பழைய சான்று உரோமையில் கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலாகும். அதிலுள்ள மறைசாட்சிகளின் பட்டியல் 336-ஆம் ஆண்டளவில் உருவானது என்பர். அப்பட்டியலின் தலைப்பில் டிசம்பர் 25 அன்று யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்ததாகக் குறித்திருக்கிறது. கீழ்த்திசைக்கு இவ்விழா சற்றுப் பிந்தியே சென்றது. அந்தியோக்கியாவில் புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் 386-இல் ஆற்றிய மறையுரையில், இவ்விழா தங்களுக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்கிறார்.

அப்படியானால் ஏன் இந்த நாள்? இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, கைப்பிரதிகள் சொல்வது. 274-இல் அவுரேலியன் என்ற பேரரசன் 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்கு உரோமையில் கோவில் கட்டினான். அத்தெய்வத்தின் விழாவைக் கிறிஸ்தவர்கள் தங்களுடையதாக்கினார்கள் என்பர். இதை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சூரிய விழா டிசம்பர் 25-இல் நடந்தது என்பதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவதும் நான் மேலே சொன்ன அதே 354-ஆம் ஆண்டு நூல்தான். ஒரே நூலின் ஒரு பக்கத்தில் சூரியனின் பெயரும், இன்னொரு பக்கத்தில் கிறிஸ்துவின் பெயரும் இருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று அந்நூல் சொல்லவில்லை.

இரண்டாவது விளக்கம் திருச்சபையின் உள்ளிருந்தே வருகிறது. ஆண்டவர் சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று மேற்றிசைக் கிறிஸ்தவர் பலர் தொன்றுதொட்டே கருதிவந்தனர். தெர்த்துல்லியன் காலத்திலேயே அக்கருத்து இருந்தது. அவர் அன்னையின் உதரத்தில் கருவானதும் அதே நாளில்தான் என்று அவர்கள் நம்பினார்கள். புனித அகுஸ்தினார் இதைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். மார்ச் 25-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. இன்றும் நாம் மங்களவார்த்தைத் திருநாளை மார்ச் 25-இல் கொண்டாடுகிறோம் அல்லவா? இவ்விரண்டு விளக்கங்களில் எது சரி என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எது சரியாயினும் நாம் வணங்குவது சூரியனை அல்ல, அதைப் படைத்தவரை.

"டிசம்பர் குளிரில் இடையர்கள் வயல்வெளியில் இருப்பார்களா?" என்றும் கேட்பதுண்டு. யூதேயாவில் மழைக்குப் பின் பாலைநிலத்தின் ஓரங்கள் பசுமையாகிற காலமே குளிர்காலம். மந்தைகள் அப்போது அங்கே மேய்வது உண்டு. ஆகவே அந்தக் கேள்வி டிசம்பரை நிரூபிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

பிறந்த இடம்

நாள் மறைந்திருக்க, இடமோ மறக்கப்படவில்லை. எருசலேமுக்குத் தெற்கே ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலையூர் பெத்லகேம். எபிரேய மொழியில் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். தாவீதின் ஊர், மீக்கா இறைவாக்கினர் முன்னறிவித்த ஊர்.

இடமில்லை என்று விரட்டிய சத்திரக்காரனை நம் பிள்ளைகள் கிறிஸ்மஸ் நாடகத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். ஆனால் நற்செய்தியில் சத்திரக்காரன் இல்லை! லூக்கா இங்கே எழுதிய கிரேக்கச் சொல், ஆண்டவர் கடைசி இராவுணவு அருந்திய அறைக்கும் அவரே பயன்படுத்திய சொல். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டு சேர்த்த சத்திரத்துக்கு அவர் வேறொரு சொல்லை எழுதுகிறார். ஆகவே உறவினர் கூடி நிறைந்த ஒரு வீட்டில் விருந்தினர் அறையில் இடமில்லாமல், கால்நடைகள் கட்டும் பகுதியில் மாதாவுக்கு ஒதுக்கம் கிடைத்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். குகையை உள்ளடக்கி வீடு கட்டுவது அந்த மலைநாட்டில் வழக்கம். மாடும் கழுதையும்கூட நற்செய்தியில் இல்லை. எசாயா இறைவாக்கினரின் நூலிலிருந்து பக்தர்களின் உள்ளம் அவற்றைக் குடிலுக்கு அழைத்து வந்தது. 1223-இல் கிரேச்சியோ என்ற சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் அவற்றை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார். நற்செய்தி உறுதியாகச் சொல்வது தீவனத் தொட்டி ஒன்றைத்தான்.

குகை என்பது பின்னாளில் வந்த கற்பனையும் அன்று. பாலஸ்தீன மண்ணிலேயே பிறந்த வேதசாட்சி ஜஸ்டின், கி.பி. 160-ஐ ஒட்டி, ஊரையடுத்த குகையொன்றில் சூசையப்பர் தங்கினார் என்று எழுதுகிறார். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், விசுவாசத்தின் எதிரிகளுக்கும் அந்தக் குகை தெரியும் என்கிறார். உரோமையர் அங்கே அதோனிஸ் தெய்வத்துக்குச் சோலை அமைத்ததைப் புனித ஜெரோம் குறிப்பிடுகிறார். அவர் 386 முதல் சாகும் வரை பெத்லகேமிலேயே தங்கி விவிலியத்தை இலத்தீனில் தந்தவர். கொன்ஸ்தாந்தீன் பேரரசர் அக்குகைமேல் எழுப்பிய ஆலயம் 339-இல் அபிஷேகமாயிற்று. ஆறாம் நூற்றாண்டில் அது புதுப்பித்துக் கட்டப்பட்டது. அந்த ஆலயமே இன்றும் நிற்கிறது. அதன் வாசல் மிகத் தாழ்வானது. பேரரசனும் குனிந்துதான் நுழைய வேண்டும்.

ஒரே குகையில் மூன்று கிறிஸ்மஸ் கொண்டாடப்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். கத்தோலிக்கர் டிசம்பர் 25-இல் கொண்டாடுகிறார்கள். பழைய நாட்காட்டியைக் கைக்கொள்ளும் கிரேக்க மரபுவழிச் சபையார் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறார்கள். பிறப்பையும் திருக்காட்சியையும் ஒன்றாகக் கொண்டாடும் அர்மேனியர் அங்கே ஜனவரி 19-இல் கொண்டாடுகிறார்கள். தேதி மூன்று; குகை ஒன்று; பிறந்த பாலகன் ஒருவர்.

பெற்றோரே, இனி உங்கள் பிள்ளை அந்தக் கேள்வியோடு வந்தால் கோபிக்காதீர்கள். "தேதி நமக்குத் தெரியாதுதான், பிறந்தவரைத் தெரியும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். தேதிக்காக யாரோடும் வழக்காட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஏழைகளுள் ஓர் ஏழையாக நம் ஆண்டவர் வந்தார். நம் பங்கின் பிறப்புக்கோ பதிவேட்டில் நாள் இருக்கிறது. அடிக்கல்லில் ஆண்டு வெட்டியிருக்கிறது. அந்த ஆண்டைச் சற்று உற்றுப் பாருங்கள். அது எண்ணப்பட்டிருப்பது அவர் பிறப்பிலிருந்துதான். அந்தப் பாலகனுக்கு நம் வீடுகளில் இடமுண்டா என்பதே இந்தப் பொன்விழா நம்மிடம் கேட்கும் கேள்வி.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

உங்கள் பங்குத் தந்தை